வழி விடுங்க

ஆட்டையாம்பட்டி வளைவில், முன்னால் போன டவுன் பஸ்ஸை இடப்பக்கமாக ஏறிக் கடந்தான் முபஷிர். வளைவில் முந்தக் கூடாது, இடப்பக்கமாக முந்தவே கூடாது. ஒரே திருப்பத்தில் இரண்டையும் செய்து முடித்தான். ஆம்புலன்ஸ் சைரன் அலறியது. முறுக்குக் கடை வாசலில் நின்ற வண்டிகளெல்லாம் அடித்துப் பிடித்துக்கொண்டு ஒதுங்கின.

"இன்னும் எவ்வளவு நேரமாகுங்க தம்பி?" பக்கத்து சீட்டிலிருந்து சித்ரா கேட்டாள்.

"அரை மணி நேரத்துல சேலம் ஆஸ்பத்திரியில இருப்போம்க்கா. கவலப்படாதீங்க."

"அரை மணி நேரந்தானுங்களா?"

"அதுக்கு முன்னாடியே போயிரலாம்க்கா."

அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு ரோட்டையே பார்த்தாள். பின்னால் ஸ்ட்ரெச்சரில் அவள் புருஷன் அருணகிரி. திருச்செங்கோட்டில் தறிப்பட்டறைக்குக் காலையில் வேலைக்குப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தறியோரமே சரிந்துவிட்டார்.

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்களில் முபஷிர் ஒரு மாதிரியானவன். உயிருக்குப் போராடுகிறவர் உள்ளே இருந்தால்தான் சைரன் போடுவான். இல்லையென்றால் அவனுக்கு அது வெறும் வெள்ளை வேன். சிக்னலில் நிற்பான், இண்டிகேட்டர் போட்டுத்தான் திரும்புவான், ரவுண்டானாவில் வலப்பக்கம் வருகிறவனுக்கு வழி விடுவான். பரோட்டா வாங்கப் போவதற்குச் சைரன் போட்ட ஒரு டிரைவரோடு கைகலப்பே ஆகியிருக்கிறது. "ஜனங்க நம்பி ஒதுங்கறாங்கடா, அதுல விளையாடாதீங்கடா" என்பான்.

அப்படிப்பட்டவன்தான் இன்று பொய்க்குச் சைரன் போட்டுக்கொண்டு பறக்கிறான். அருணகிரி மல்லசமுத்திரம் தாண்டும்போதே போய்விட்டார்.

அங்கேதான் மருத்துவ உதவியாளர் சபரிநாதன் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். "இங்க எடம் பத்தலைங்க, நீங்க முன்னாடி போய் உக்காருங்க" என்று சித்ராவை இறக்கி அனுப்பினார். கொஞ்ச தூரம் போனதும், நடுக் கண்ணாடியில் முபஷிரின் கண்ணைப் பிடித்து உதட்டைப் பிதுக்கினார். பழக்க தோஷம், இவன் கை தானாக நீண்டு சைரனை நிறுத்திவிட்டது.

சித்ரா சட்டென்று திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவனால் தாங்க முடியவில்லை. மறுபடி சைரனைப் போட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தான். ஆஸ்பத்திரி வரைக்குமாவது இந்த அக்கா நம்பிக்கையோடு வரட்டும், சொல்ல வேண்டியதை டாக்டர் சொல்லிக்கொள்ளட்டும் என்று நினைத்தான். கோழைத்தனம்தான். அது அவனுக்கும் தெரியும்.

அவள் மடியில் போன் அடித்தது. "வந்துட்டிருக்கறமுங்க... ம்... செரிங்க" என்று பேசி வைத்தாள்.

"கொழுந்தனாருங்க. ஆஸ்பத்திரி கேட்டுலயே வந்து நிக்கறாராம்."

அடுத்தடுத்து வந்த அழைப்புகளை அவள் எடுக்கவில்லை. பின்பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவுமில்லை. பாவம், பேசவும் பார்க்கவும் தெம்பில்லை போல என்று முபஷிர் நினைத்துக்கொண்டான்.

பைபாஸ் ஏறும் இடத்தில் சிவப்பு விழுந்திருந்தது. நிற்காமல் போனான். ஒரு கல்யாண வேன், ஜோடனையோடு சேற்றில் இறங்கி வழி விட்டது. தேங்காய் மூட்டையோடு மொபெட்டில் போன பெரியவர் ஒருவர் மண்ணில் இறங்கி நின்று, உள்ளே இருக்கிற யாரோ பிழைக்கட்டும் என்று ஒற்றைக் கையால் கும்பிட்டார். முபஷிருக்கு வண்டியை நிறுத்திவிட்டு அந்த மனிதரின் காலில் விழலாம் போலிருந்தது.

கொண்டலாம்பட்டிக்கு முன்னால் ஒரு டேங்கர் லாரியை முந்த வலப்பக்கம் ஏறினான். ஏறிய பிறகுதான், மீடியன் இடைவெளியில் முறையாக இண்டிகேட்டர் போட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஸ்கூட்டர் தெரிந்தது. ஓட்டி வந்த பெண் மிரண்டு வண்டியைச் சாய்த்துக் காலை ஊன்றினாள். பின்னால் உட்கார்ந்திருந்த குழந்தை வீறிட்டது. ஒரு முழம் இடைவெளியில் ஆம்புலன்ஸ் அவர்களைக் கடந்தது.

செத்தவருக்காக உயிரோடு இருக்கிறவர்களைக் கொல்லப் பார்த்தாயே பாவி என்று முபஷிருக்குள் ஏதோ அறைந்தது. ஆனாலும் சைரனை நிறுத்த விரல் வரவில்லை. நிறுத்தினால் அவளிடம் சொல்லியாக வேண்டும்.

"இன்னும் எவ்வளவு நேரங்க தம்பி?" மறுபடியும் கேட்டாள் சித்ரா.

"பத்தே நிமிஷம்க்கா, வந்தாச்சு. போன உடனே பெரிய டாக்டருங்க பாத்துருவாங்க." சொல்லும்போதே நாக்கு கூசியது. அவள் பக்கம் திரும்பத் துணிவில்லாமல் ரோட்டையே பார்த்தான்.

"சைரனை நிறுத்துங்க தம்பி."

"ஏங்க்கா? அவசரத்துல சைரன் இல்லாம எப்படி..."

சித்ரா தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தலைப்பை எடுத்துவிட்டுச் சொன்னாள்.

"எனக்குத் தெரியும் சாமி. மெதுவாவே போங்க. நாம போனதும் சேதி தெரிஞ்சு, பன்னண்டாவது பரீட்சை எழுதிட்டிருக்கற எம் புள்ளையப் பாதியில எழுப்பிக் கூட்டியாந்துருவாங்க."