பத்து மணி மாத்திரை

கதவைத் திறக்க அவளுக்கு நேரம் கொடுக்கவில்லை. தாழ்ப்பாள் பிய்ந்து கூடத்தில் வந்து விழுந்தது.

ஆறு போலீஸ். அதில் நாலு பேர் மஃப்டி.

“எங்கடி வச்சிருக்க?”

எதை என்று கேட்டாள். கேட்டதற்குப் பெண் காவலர் கன்னத்தில் ஒன்று வைத்தார்.

நாற்பத்தெட்டு வயது. கட்டிய புருஷன்கூட கை வைக்காத கன்னம்.

அந்தப் புருஷன் உள்ளே கட்டிலில் கிடந்தார். முதுகெலும்பு வரைக்கும் புற்று. நாலு மணி நேரத்துக்கு ஒரு வலி மாத்திரை. காலை ஆறு மணிக்குப் போட்டாயிற்று. அடுத்தது பத்து மணிக்கு.

அப்போது ஒன்பதே கால்.

அவரையும் விடவில்லை. போர்வையோடு தூக்கித் தரையில் கிடத்திவிட்டு மெத்தையைக் கிழித்தார்கள். பஞ்சுதான் வந்தது.

சமையலறையில், ரவா டப்பாவில் கிடைத்தது.

“சார், மாட்டிக்கிச்சு!” என்று ஒருவன் கூவினான். லாட்டரி விழுந்ததுபோல அத்தனை சந்தோஷம்.

மார்ஃபின். அவருடைய வலி மாத்திரைதான், ஒன்பது அட்டை. ஆஸ்பத்திரியில் கொடுத்தது. “வீட்ல இருக்குன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா, போதைக்குத் திருடுறதுக்குன்னே சுத்துறானுங்க” என்று நர்ஸ் எச்சரித்திருந்ததால் ரவைக்குள் புதைத்து வைத்திருந்தாள்.

“மருந்துன்னா எதுக்குடி ரவாக்குள்ள ஒளியுது?” என்றார் எஸ்.ஐ.

சீட்டைக் கொண்டுவந்து காட்டினாள். மாசிலாமணி, ஐம்பத்தைந்து, ஆண். டாக்டர் கையெழுத்து, முத்திரை, எல்லாம் இருந்தது. எஸ்.ஐ. அதைப் படிக்கவில்லை. மாத்திரையோடு சேர்த்து உறைக்குள் போட்டு அரக்கு வைத்தார்.

வாசலில் நின்ற வயசான ஏட்டுதான் முதலில் பார்த்தார்.

“சார்... இது புது நம்பர் பதினாலு. நமக்குச் சொன்னது பழைய நம்பர் பதினாலு.”

சென்னையில் பாதித் தெருவுக்கு இந்தக் கூத்து உண்டு. ஒரு காலத்தில் ஒரு எண் போட்டார்கள். பிறகு வேறு எண் போட்டார்கள். பழையதை அழிக்க எவனும் வரவில்லை. கொரியர் பையன்கள்கூட விசாரித்துவிட்டுத்தான் மணி அடிப்பார்கள்.

பழைய பதினாலு நாலு வீடு தள்ளி, பச்சை கேட். சாயங்காலமானால் பைக்குகள் வந்து நிற்கும், போகும். அங்கே என்ன விற்கிறார்கள் என்று தெருவுக்கே தெரியும். போலீசுக்கு மட்டும்தான் துப்பு தேவைப்பட்டது.

ஓடினார்கள். இங்கே கதவு உடைந்த சத்தம் அங்கே கேட்காமலா இருக்கும்? ஒருவன் சட்டையில்லாமல் உட்கார்ந்து டீவி பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான் வீட்டில்.

வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள்.

இல்லை, வெறுங்கை இல்லை. அரக்கு வைத்த உறை ஒன்று இருந்தது.

“தப்பான வூட்டுக்கு வந்துட்டீங்கல்ல சார். மாத்திரையக் குடுத்துடுங்க. பத்து மணி ஆவுது.”

“எழுதி சீல் வச்சாச்சும்மா. திங்கக்கிழமை கோர்ட்ல மனு போட்டு வாங்கிக்க,” என்றார் எஸ்.ஐ.

‘டி’ போய் ‘ம்மா’ வந்திருந்தது. அதுதான் மன்னிப்பு போலிருக்கிறது. பாவிகள்.

அன்று சனிக்கிழமை.

பத்தரைக்குப் புருஷன் முனக ஆரம்பித்தார். பதினொன்றுக்கு அலறல்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். கொடுத்தது தீராமல் மறுபடி கொடுக்க விதியில்லை, செவ்வாய்க்கிழமை டாக்டர் வருவார், சீட்டோடு வாங்க என்றார்கள். எந்தச் சீட்டு?

மூன்று மருந்துக்கடை ஏறி இறங்கினாள். பெயரைச் சொன்னதுமே மேலும் கீழும் பார்த்தார்கள். மூன்றாவது கடையில் காய்ச்சல் மாத்திரை கொடுத்தார்கள். பொடி பண்ணிப் புகட்டினாள். வாந்தி எடுத்தார்.

“என்னக் கொன்னுடு, ம்மே,” என்றார்.

இருபத்தாறு வருஷத்தில் அவர் அவளிடம் எதையுமே கேட்டதில்லை. குழம்பில் உப்பில்லை என்றுகூடச் சொன்னதில்லை. பேசாமல் எழுந்து போய்த் தானே போட்டுக்கொள்வார்.

முகத்தைத் துடைத்துவிட்டாள். எழுந்தாள்.

மதியம் ஒரு மணி. வெயில் கொளுத்தியது. உடைந்த கதவைச் சாத்த முடியவில்லை. அவருடைய சத்தம் தெரு நெடுக அவள் கூடவே வந்தது.

பச்சை கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் காலையில் வந்த அதே ஏட்டு. இப்போது லுங்கியும் கட்டம் போட்ட சட்டையும். விற்கிறவன் சிக்கவில்லை, வாங்க வருகிறவனையாவது பிடிப்போம் என்று உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள்.

அவரும் அவளைப் பார்த்துவிட்டார். அவள் எங்கே போகிறாள் என்று புரிந்ததும் முகம் மாறியது.

வேண்டாம் என்று மெல்லத் தலையை ஆட்டினார்.

அவளுக்கு மட்டும் தெரியாதா? அவளைக் கொண்டுபோய்விட்டால் அந்த மனுஷனுக்கு வாயில் தண்ணீர் ஊற்றக்கூட ஆளில்லை. பயமாகத்தான் இருந்தது.

நாலு வீடு தள்ளி அவர் மறுபடி கத்தினார்.

கேட்டைத் தட்டினாள்.

ஒரு சாண் திறந்தது. “யாரு? இன்னா வோணும்?”

“வலி மாத்திரை. இருந்தத போலீஸ் தூக்கினு போயிடுச்சு,” என்றாள். டீக்கடை வரைக்கும் கேட்கும்படி சொன்னாள்.

ஏட்டு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.