வலது பக்கம் நீலம்

கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருந்தது. மாப்பிள்ளை அடெமார் பல் ஆஸ்பத்திரி நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தான், மடியில் வைக்கோல் தொப்பியோடு. டாக்டர் டல்வா அவன் வலது பக்கத்து ஈறுகளில் நீல மருந்தை விட்டு, ஐந்து நிமிடம் ஊற வைத்து, பென்சில் முனை போன்ற குழலால் சிவப்பு வெளிச்சம் பாய்ச்சினாள்.

மருந்து போய்க் கிருமியைப் பற்றிக்கொள்ளும். வெளிச்சம் பட்டதும் கிருமி சாகும். வலியே இல்லை. ஹெச்.ஐ.வி. உள்ளவர்களின் ஈறு நோய்க்கென்றே சாவோ பாவ்லோவின் அந்த ஆஸ்பத்திரியில் நடந்துவந்த பரிசோதனை வைத்தியம் அது. ஒவ்வொருவருக்கும் பாதி வாய்க்குத்தான் மருந்தும் வெளிச்சமும், மறு பாதி ஒப்பிட்டுப் பார்க்க; எந்தப் பாதி என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அடெமாருக்கு விழுந்தது வலது பக்கம்.

கொப்பளித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஈறு, பல்லிடுக்கு, பாதி நாக்கு, எல்லாம் மைக்கூட்டைக் கவிழ்த்த மாதிரி இருந்தது.

"இந்த வாயை வெச்சுக்கிட்டு எப்படி டாக்டர் மணமேடை ஏறுறது?"

"ராத்திரிக்குள்ள போயிடும். அந்தப் பக்கமா மட்டும் இன்னைக்கு எதையும் மெல்லாதீங்க," என்று கையுறையைக் கழற்றியபடியே சிரித்தாள் டாக்டர். "உங்களுக்கு முன்னாடி வந்தவங்களும் இதையேதான் கேட்டாங்க. ஜூன் திருவிழா, ஊரே பல்லுல கறுப்பு தீட்டிக்கிட்டு அலையுது. வேஷம்னு சொல்லிடுங்க, யாரு கேக்கப் போறா?"

அதுவும் வாஸ்தவம்தான். திருவிழாவுக்குப் பேட்டையே பட்டிக்காட்டு வேஷம் கட்டிக்கொள்ளும். ஒட்டுப் போட்ட சட்டை, ஓட்டைப் பல், கல்யாணமும் விளையாட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை தப்பி ஓடப் பார்ப்பான், மாமனார் பொம்மைத் துப்பாக்கியைக் காட்டி இழுத்து வருவார், பாதிரியார் வேஷக்காரர் தாலாட்டுகிற குரலில் மந்திரம் சொல்வார், அப்புறம் சிரித்த களைப்போடு எல்லாரும் சேர்ந்து ஒரு ஆட்டம்.

ஆனால் மணப்பெண் வேஷம் இவோனிக்கு. அங்கேதான் அவனுக்கு உதைத்தது.

பள்ளிக்கூடத்தில் சமைக்கும் இவோனியை, பஸ் ஓட்டும் அடெமார் இரண்டு வருஷமாக வேஷமில்லாமலே விரும்பினான். ஒவ்வொரு ஒத்திகை முடிந்ததும் கேட்டுவிட வாயெடுப்பான். கேட்டால் தன் நோயையும் சொல்லியாக வேண்டுமே என்று மூடிக்கொள்வான். இன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் இரண்டையும் சொல்லிவிடுவது என்று, காலை மாத்திரையை விழுங்கும்போதே முடிவு கட்டியிருந்தான்.

மாதா கோவில் முற்றத்தில், சன்னல் திரையை வெட்டித் தைத்த முக்காட்டோடு இவோனி நின்றாள். கையில் காகித விசிறி. அதனால் வாயை மறைத்தபடியே எல்லாரோடும் பேசினாள். வெட்கத்தை எவ்வளவு அழகாக நடிக்கிறாள் பார் என்று பெண்கள் மெச்சிக்கொண்டார்கள்.

அவித்த சோளம் வந்தது. அடெமார் இடது பக்கமாகக் கடித்தான். விசிறிக்குப் பின்னால் அவள் வலது பக்கமாகக் கடித்தாள்.

"பாருங்கப்பா, மோதிரம் மாத்துறதுக்கு முன்னாடியே ஆளுக்கொரு பக்கம் இழுக்குதுங்க," என்றார் மாமனார் வேஷத்திலிருந்த கறிக்கடை ஜெரால்டோ. அடக்க முடியாமல் அடெமார் வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.

இவோனியின் கண்கள் அவன் வாயிலேயே நின்றன. "அது என்ன நீலம்?"

"வேஷந்தான். கறுப்பு தீந்துபோச்சு."

அவள் கையில் ஆடிக்கொண்டிருந்த விசிறி ஒரு கணம் நின்றது.

அந்தப் பொய் சோளத் தோல் மாதிரி பல்லிடுக்கில் சிக்கிக்கொண்டது. மேடை ஏறியும் போகவில்லை. இந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று பாதிரியார் கேட்டார். கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. அடெமார் வாயைத் திறந்தான், மூடினான், மேடையிலிருந்து குதித்து ஓடினான்.

அவன் ஓட வேண்டிய காட்சி ஏற்கெனவே முடிந்திருந்தது. அது தெரியாத கூட்டம் விசிலடித்தது. தெரிந்த ஜெரால்டோ குழம்பிப்போய்த் பொம்மைத் துப்பாக்கியை இன்னொரு தரம் நீட்டினார். நாடகத்தில் இல்லாத இன்னொன்றும் நடந்தது. மணப்பெண் பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளையைத் துரத்தினாள்.

சோளக் கடைக்குப் பின்னால், உரித்த மட்டைக் குவியலில் வழுக்கி உட்கார்ந்தவனை வந்து பிடித்தாள். இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"அது வேஷமில்ல இவோனி, வைத்தியம்," என்றான் அவன் தரையைப் பார்த்துக்கொண்டு. "எனக்கு ஹெச்.ஐ.வி. இருக்கு. ஒம்பது வருஷம் ஆச்சு. மாத்திரை ஒரு நாள் விட்டதில்ல. கிருமி சோதனையிலயே தெரியாத அளவுக்கு அடங்கிக் கிடக்கு, அடுத்தவங்களுக்கு ஒட்டாதுன்னு டாக்டருங்க சொல்லிட்டாங்க. ஆனா உங்ககிட்ட பொய்யைச் சொல்லிட்டு, விளையாட்டுக்குக்கூட சம்மதம்னு சொல்ல எனக்கு வாய் வரல."

அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாள், முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டே அவன் மெல்ல நிமிர்ந்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்தபடியே அவன் பக்கத்தில் மட்டைக் குவியல்மேல் உட்கார்ந்து, அன்றைக்கு முதல் தடவையாக விசிறியை இறக்கினாள்.

"சீட்டுல உனக்கு வலது பக்கமா விழுந்துச்சு? எனக்கு இடது."