சத்தம் விழுங்கும் மைக்

"ஒரு நிமிஷம் இளமதி, சூப்பர்வைசர் கூப்புட்றாரு" என்று போனில் சொல்லிவிட்டு, சரவணன் வேலையை நிறுத்தினான்.

சூப்பர்வைசர் என்று யாரும் இல்லை. ஆரணியில் தன் வீட்டுக் கூடத்தில், தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்தான் அவன். பாவுக்குக் குறுக்கே ஓடும் நாடாவில் நூல் தீர்ந்துபோயிருந்தது. ராட்டை சுற்றிக்கொண்டிருந்த அம்மா கன்னியம்மாள், நூல் சுற்றிய புதுத் தார் ஒன்றை நீட்டினாள். காலித் தாரை எடுத்துப் போட்டுவிட்டு அதைச் செருகினான்.

"ஆங், போய்ட்டாரு. நீங்க சொல்லுங்க" என்று மறுபடி மிதிக்க ஆரம்பித்தான்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தார் தீரும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சூப்பர்வைசரும் வந்துவிடுவார்.

தறிக்காரனுக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்று ஏற்கெனவே நாலு வீட்டில் சொல்லியாகிவிட்டது. அந்த நாலு வீட்டிலும் தறிதான் ஓடுகிறது என்பது வேறு விஷயம். ஐந்தாவதாகக் கண்ணமங்கலம் பக்கத்திலிருந்து இளமதியின் ஜாதகம் வந்தபோது, தரகர் அருணாச்சலம் சரவணனைச் செய்யாறு கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்த்துவிட்டார், வாயாலேயே.

கன்னியம்மாள் மட்டும் சும்மா இருந்தாளா? "எனுக்கும் ஆபீஸ் போற பொண்ணுதான் வேணும்" என்று தரகரிடம் கறாராகச் சொன்னாள். இளமதி வேலூரில் கம்ப்யூட்டர் ஆபீஸில் இருப்பதாகச் சொன்னார்கள். நிச்சயம் முடிந்தது, ஆவணியில் கல்யாணம். அதுவரை தறிச் சத்தம் அவள் காதில் விழக் கூடாது. விழுந்தால் ஐந்தாவதும் போச்சு.

சாயங்காலம் வீட்டில் எல்லோரும் இருப்பார்கள் என்று இளமதி பகலில்தான் கூப்பிடுவாள். தறியை நிறுத்திவிட்டுப் பேசினால் வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டிய முகூர்த்தப் புடவை முடியாது. சரவணன் செல்போன் கடை விக்னேஷிடம் போய் நின்றான். விக்னேஷ் காதில் மாட்டுகிற ஒன்றை எடுத்துக் காட்டினான்.

"இதுல ரெண்டு மைக்குண்ணா. ஒண்ணு நீ பேசறத கேக்கும். இன்னொண்ணு சுத்தி இருக்கிற சத்தத்த கேக்கும். அந்தச் சத்தத்த மட்டும் கழிச்சிட்டு உன் பேச்ச அனுப்பும். நீ ரைஸ்மில்லுல நின்னுகினு பேசனாகூட, கோயில்ல நின்னு பேசறமாரி இருக்கும்."

"தறிச் சத்தம்?"

"சுத்தமா போயிடும். ஆனா சார்ஜ் கொறஞ்சா அந்த ரெண்டாவது மைக்கு சொல்லாம கொள்ளாம தூங்கிடும். அப்புறம் மொத்த தறியும் அவங்க காதுலதான்."

அன்றிலிருந்து சரவணன் காலையில் பல் விளக்குவதற்கு முன்பே அதற்குச் சார்ஜ் போட்டான். மைக் சொன்னபடி வேலை செய்தது. ஆனால் அது தறியைத்தான் விழுங்கும், கன்னியம்மாளை விழுங்காது. அதனால் அவள் கைஜாடையிலேயே திட்டப் பழகிக்கொண்டாள்.

ஷிப்டு நேரத்தில் மணிக்கணக்காகப் போன் பேச விடுகிற கம்பெனி செய்யாறில் மட்டுமல்ல, எங்குமே கிடையாது. இளமதி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை, அவ்வளவு நல்ல பெண். அவளுடைய ஆபீசும் நல்ல ஆபீஸ்தான். அவ்வப்போது மேனேஜர் கூப்பிடுவார், அரை நிமிடத்தில் விட்டுவிடுவார்.

அன்றைக்கு அவள் கல்யாண மண்டபத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். திடீரென்று சரவணனின் காதுக்குள் டக்... டக் என்று கேட்டது.

மைக் தூங்கிவிட்டது! இங்கே தறி அடிப்பது அங்கே போய்த் திரும்பி வருகிறது! மிதியிலிருந்து காலை எடுத்தான். டக்... டக். ராட்டையை நிறுத்தச் சொல்லி அம்மாவிடம் கையை ஆட்டினான். ராட்டை நின்றது. டக்... டக். பக்கத்து வீட்டுத் தறியோ என்னவோ! குழியிலிருந்து எகிறிக் குதித்து, முட்டியை இடித்துக்கொண்டு, பாத்ரூமுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

"என்னாங்க, பேச்சயே காணோம்?"

"இல்ல... இங்க ஒரு மிஷினு பேஜார் பண்ணிகினு இருக்குது. சத்தம் கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கலியே. கோயில்ல நின்னு பேசறமாரிதான் இருக்குது."

சரவணன் அதைக் காதிலிருந்து கழற்றிப் பார்த்தான். பச்சை விளக்கு எரிந்தது, முழு சார்ஜ். பாத்ரூமில் குழாய் சொட்டுவதைத் தவிர வேறு சத்தம் இல்லை. மறுபடி காதில் மாட்டினான். டக்... டக்.

கழற்றினான், இல்லை. மாட்டினான், டக்... டக். ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டான்.

அப்போது இளமதி, "ஒரு நிமிஷம் இருங்க, மேனேஜர் கூப்புட்றாரு" என்றாள்.

சத்தம் நின்றது.

இத்தனை நாள் பயந்த பயமெல்லாம் சரவணனுக்குச் சிரிப்பாக வந்தது. வாயைப் பொத்தி அடக்கிக்கொண்டு சொன்னான்:

"ஜல்தி ஒண்ணும் இல்ல இளமதி. மெதுவா தார மாத்திட்டு வாங்க."