கையைத் தூக்கினால் நிறுத்துவேன்

தில்லி துவாரகாவில் இருந்த அந்தக் குழந்தைகள் பல் மருத்துவமனைக்குள், கணவர் அச்சுதன், ஐந்து வயது மகள் மேதா இருவருடனும் காமாக்ஷி வந்தாள்.

"மூணு நாளா தூக்கமில்லை டாக்டர். கடைவாய்ப் பல் சொத்தை. வாயைத் திறக்கச் சொன்னா ஒரே அடம்!"

"முன்னாடி எங்கேயாவது காட்டியிருக்கீங்களா?" என்று கேட்டார் டாக்டர் மதுமதி.

"ஒரே ஒரு தடவை. நாலு பேர் கையையும் காலையும் அமுக்கிண்டு பிடுங்கிட்டாளாம். அந்த பயம் இன்னும் போகலை. இப்பவும் நான் வேணா பிடிச்சுக்கறேன், ஜல்தி முடிச்சுடுங்கோ."

"பிடிச்சா பல்லு வந்துடும், நம்பிக்கை போயிடும்."

டாக்டர் நாற்காலி அருகே அமர்ந்தார். "இது சின்னக் கண்ணாடி. இது காத்து ஊதற குழாய். முதல்ல விரல்ல ஊதிக் காட்டறேன். பயமா இருந்தா கையைத் தூக்கினா போதும், நிறுத்திடுவேன்."

காமாக்ஷி கண்களை மூடி மலை மந்திர் முருகனை வேண்டிக்கொண்டாள்.

மூன்று முறை கை உயர்ந்தது. மூன்று முறையும் டாக்டர் நிறுத்தினார். நான்காம் முறை கை உயரவில்லை. ஊசி மருந்தால் மரத்துப்போன இடத்திலிருந்து பல் அமைதியாக வெளியே வந்தது.

"சபாஷ்! எத்தனை நாள் பயம் இது?"

"நாப்பது வருஷம் டாக்டர்," என்று பஞ்சைக் கடித்தபடி நாற்காலியிலிருந்து எழுந்தார் அச்சுதன்.

டாக்டர் சிரித்தார். "போன வாரம் மேதாவுக்குப் பல் அடைச்சப்போ, 'எங்கப்பாவுக்கும் இப்படியே பார்ப்பீங்களா ஆன்ட்டி'ன்னு கேட்டா."

அச்சுதன் கண்களைத் துடைத்துக்கொண்டார். மேதா அவர் விரலைப் பற்றினாள்.

"சலோ அப்பா, இன்னிக்கு உனக்கு ஐஸ்கிரீம்தான் சாப்பாடு. அம்மா திட்ட மாட்டா."