கனகமணி அக்கா போட்ட கட்டம்

கனகமணி அக்கா மறுபடியும் ஒரு சாக்கு மூட்டைக்கு ‘ஆள்’ என்று போட்டிருந்தது.

எங்கள் ஆபீஸ் நடுவட்டத்தில் டீக்கடைக்கு மேலே, மாடியில். டிரைவர் இல்லாமல் ஓடுகிற காருக்குக் கண் பழக்கும் வேலை. கேமரா வண்டி ரோட்டில் எடுத்த படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அதில் தெரிகிறதைச் சுற்றிக் கட்டம் போட்டு, இது ஆள், இது மாடு, இது மூட்டை என்று பேர் கொடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் எதுக்கு நிற்பது, எதுக்குப் போவது என்று கார் கற்றுக்கொள்ளுமாம். எட்டாவது படித்த எனக்கே பத்து நாளில் வந்துவிட்டது.

அக்காவுக்கு மட்டும் வரவில்லை. ரோட்டோரம் சாக்கு கிடந்தால் போதும். ஆள்.

மேற்பார்க்கிற லெஸ்லி சார் பொறுமையாகத்தான் கேட்டார். "ஏனுங்க, முட்டைக்கோஸ் மூட்டைக்கெல்லாம் கார் நின்னுட்டிருந்தா ஊட்டிக்கு எப்பங்க போய்ச் சேரும்?"

எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தது. அப்புறம் மெதுவாகச் சொன்னது.

"ஆளுன்னு தப்பாப் போட்டா வண்டி சும்மா நிக்குமுங்க. மூட்டைன்னு தப்பாப் போட்டா நிக்காதுங்களே."

டீ குடிக்கும்போது அக்கா தன் அம்மா கதையைச் சிரிப்பாகச் சொல்லும். எழுபத்து நாலில் சிலோனிலிருந்து கப்பலில் வந்தபோது அம்மாவுக்கு ஆறு வயதாம். இறங்கின இடத்தில் ஆளைத் தனியாக, மூட்டையைத் தனியாக எண்ணினார்களாம். கொங்காணிக்குள், அதுதான் மழைக்குத் தலையில் போடுகிற சாக்கு, சுருண்டு தூங்கின பிள்ளையை மூட்டையோடு சேர்த்து எண்ணிவிட்டார்களாம்.

மீதிக் கதையை அக்கா சொல்லாது. எஸ்டேட் லைன் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அதே அம்மா ஒரு மழை நாளில் கொங்காணியோடு ரோட்டு வளைவில் பஸ்ஸுக்கு உட்கார்ந்திருந்தது. லாரிக்காரன் போலீசிடம், மூட்டை என்று நினைத்தேன் என்றானாம்.

எனக்கும் தெரியும்.

நானும் மழையில் கொங்காணி போட்டுத்தான் வருவேன். டீக்கடைக்குப் பின்னால் அதை மடித்து ஒளித்துவிட்டுத்தான் மாடி ஏறுவேன். அக்கா அப்படியே தலையில் போட்டுக்கொண்டு மேலே வரும்.

அடுத்த மாதத்திலிருந்து அக்கா, நான் இரண்டு பேரில் ஒருத்தருக்குத்தான் வேலை என்று ஆனது. அக்கா முடித்த படங்களைப் பார்த்துத் தப்பை எழுதித் தரச் சொன்னார் சார். என் பையனுக்குப் பத்து மாதம். இந்த வேலை போனால் மழையில் கொழுந்து பறிக்கத்தான் போக வேண்டும்.

இருபத்தாறு தப்பு என்று எழுதிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை கிளம்பும்போது அக்கா என் பக்கத்தில் வந்து நின்றது. நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பையனுக்குச் சளி விட்டுச்சா, லோயிஸ்?"

தலையாட்டினேன்.

"பஸ்ஸுக்கு நிக்கறப்ப ரோட்ட விட்டுத் தள்ளி நில்லு புள்ள."

அவ்வளவுதான். போய்விட்டது.

திங்கட்கிழமை, அக்கா பாதியில் விட்ட படங்கள் எனக்கு வந்தன. போன மாதம் எங்கள் ரோட்டிலேயே எடுத்தது. ஒரே பனி. அக்கா கடைசியாகக் கட்டம் போட்ட படத்தில், லைனுக்குக் கீழே பஸ் நிற்கிற இடத்தில், ஒரு சாக்கு. அதுக்கும் ‘ஆள்’.

அழித்துவிட்டு ‘மூட்டை’ என்று போட்டேன்.

அடுத்த படத்தைத் திறந்தேன். மூட்டை எழுந்து நின்றிருந்தது. முகத்தை யாரோ மங்கலாக்கி வைத்திருந்தார்கள். இடுப்பில் ஒரு குழந்தை. அதன் தலையில் மஞ்சள் குல்லா. சளிக்கு மருந்து வாங்கப் போன அன்று, என் பையனுக்கு நான் மாட்டிவிட்ட குல்லா.