ஓவியப் பரீட்சையில் கேமரா சார்

அந்தப் பெண் மறுபடியும் தலையைத் தூக்கினாள். பென்சிலைச் செங்குத்தாக நீட்டிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலை மேலும் கீழும் நகர்த்தினாள்.

சைகை. சந்தேகமே இல்லை. இயற்பியல் ஆசிரியர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் கேமரா. துண்டுச்சீட்டைக் காலுறைக்குள் ஒளித்தாலும் சரி, தலைப்பின்னலுக்குள் செருகினாலும் சரி, அவரிடம் தப்பியவர் கிடையாது. அந்தப் பெயர் அவருக்கும் தெரியும். வெளியில் முறைப்பார், உள்ளுக்குள் குளிர்ந்துபோவார்.

அன்று காலையில் ஆசிரியர்கள் அறைக்குள் ஓவிய ஆசிரியர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "பிளஸ் டூ ஓவியப் பரீட்சைக்கு வர வேண்டியவர் காய்ச்சல்னு படுத்துட்டார். யாராவது வந்து உக்காந்தா போதும், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினார்.

பரீட்சை என்ற சொல் காதில் விழுந்ததுமே கேமரா எழுந்துவிட்டார். ஓவிய ஆசிரியர் அவரை ஜன்னலோரமாக ஒரு பலகை மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். சொந்தப் பாடத்தின் பரீட்சை அறையில் இருக்கக் கூடாது என்பது விதி என்பதால், கும்பிட்டுவிட்டு வெளியேறினார்.

"பேச்சு மூச்சு இருக்கக் கூடாது. வாயைத் திறந்தா தாளைப் பிடுங்கி வெளிய அனுப்பிடுவேன்" என்று கேமரா எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார். ஏதோ கேட்கக் கை தூக்கிய ஒரு பையன் அந்தக் கையாலேயே தலையைச் சொறிந்துகொண்டான்.

அந்தப் பெண் மேல் அவருக்கு ஏற்கெனவே கடுப்பு. இயற்பியலில் முதல் மார்க் வாங்கிக்கொண்டிருந்தவள், அதை விட்டுவிட்டு ஓவியத்தை எடுத்திருந்தாள். "இந்தப் பரீட்சைல நல்ல மார்க் வந்தாதான் ஓவியக் கல்லூரி. இல்லன்னா வாயை மூடிக்கிட்டு நான் சொல்றதைப் படிக்கணும்" என்று அவள் அப்பா சொல்லியிருந்தது பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். மகராசி, அப்படியிருந்தும் காப்பியடிக்கிறாளே என்று அவருக்கு வயிற்றெரிச்சல்.

அவள் மட்டுமில்லை. இப்போது அறை முழுக்க எல்லாத் தலைகளும் அவர் பக்கம் நிமிர்வதும் குனிவதுமாக இருந்தன. கேமரா மெல்லத் திரும்பினார். முதுகுக்குப் பின்னால் சுவர் கொள்ளாமல் போன வருஷப் பிள்ளைகள் வரைந்த படங்கள் தொங்கின.

"அப்படியா சேதி" என்றவர், கதவருகே வருகைப் பதிவோடு உட்கார்ந்திருந்த நூலகர் அம்மாவைப் பார்த்தார். "இதையெல்லாம் கழட்டாம பரீட்சை நடத்துறீங்களா?"

"சார், நீங்க உக்காருங்க. நான் பாத்துக்கறேன்" என்றார் அந்த அம்மா பதறிப்போய்.

"நீங்க பாத்துக்கிட்ட லட்சணம்தான் தெரியுதே."

எல்லாப் படங்களையும் அவரே கழற்றி அலமாரிக்குள் திணித்தார். திரும்ப வந்து, வெற்றுச் சுவருக்கு முன்னால் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தார். உடனே அறை முழுக்க ரப்பர் தேய்க்கும் சத்தம் கேட்டது. காப்பியடித்ததை அழிக்கிறார்கள், பயம் இருக்கிறது என்று அவருக்கு ஒரே திருப்தி.

ஆனால் அந்தப் பெண் மட்டும் அடங்கவில்லை. முன்னைவிட அதிகமாகப் பார்த்தாள். கேமரா மேடையிலிருந்து இறங்கி வகுப்பின் பின்பக்கம் போனார். மொத்த வகுப்பும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு அவரோடு வந்தது. யாரோ தலையில் அடித்துக்கொண்டார்கள்.

"அங்க மேஜை மேல ஜாடியும் ஆப்பிளும் வச்சிருக்கு. அதைப் பாத்து வரையாம என்ன வேடிக்கை?"

"சார், அது கீழ்வகுப்புப் பசங்களுக்கு..." என்று அந்தப் பெண் ஆரம்பித்தாள்.

"பேசாதேன்னு சொன்னேன்ல." அவள் பலகையிலிருந்து தாளை உருவினார்.

தாளில் வழுக்கைத் தலை. மூக்கு நுனிக்கு வழுக்கிய கண்ணாடி. புளிப்பு தின்றதுபோல ஒரு வாய். காலர் பட்டன் அறுந்திருந்ததுகூட அப்படியே இருந்தது. அவர் கை தன்னையறியாமல் கழுத்துக்குப் போயிற்று.

"என்னையே கேலிப்படம் போடுறியா?"

பக்கத்துப் பையன் தாளை எட்டிப் பார்த்தார். அதிலும் அவரேதான், காது மட்டும் கொஞ்சம் பெரிசு. அடுத்த தாளிலும் அவர்தான், அதில் தொப்பை வேறு. கேமராவுக்குக் கோபம் ஜிவ்வென்று ஏறியது.

"திட்டம் போட்டு மொத்தப் பேரும் என்னைக் கிண்டல் பண்றீங்க. ஒருத்தர் தாளும் திருத்தப் போகாது. இந்தா, இதுலேர்ந்து ஆரம்பிக்கிறேன்" என்று அந்தப் பெண்ணின் தாளை இரண்டு கையாலும் கிழிக்கப் பிடித்தார்.

நூலகர் அம்மா வருகைப் பதிவைப் போட்டுவிட்டு எழுந்து ஓடிவந்தார். அந்தப் பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்ததில் இருந்த பயமும் போய்விட்டது. எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கிழிச்சிடாதீங்க சார், மேடைல போய் உக்காருங்க. இன்னைக்குக் கேள்வித்தாளே நீங்கதான்."