பதிலுக்கு ஒரு மணி நேரம்

அந்தக் காம்பவுண்டுப் பெண்களுக்குள் ஓர் ஏற்பாடு: ஒருத்தி ஒரு மணி நேரம் உழைத்தால், மற்றவள் பதிலுக்கு ஒரு மணி நேரம் உழைக்க வேண்டும்.

"பனியன் கம்பெனியில தெச்சது பத்தாதுன்னு அஜீஸுன்னிசா அக்காளுக்கும் ஜாக்கெட் தெக்கறயேம்மா. பதிலுக்கு அவங்க என்ன செஞ்சாங்களாமா?" என்றாள் பூங்கொடி.

"செஞ்சுட்டுத்தான் இருக்கறாங்க கண்ணு" என்றாள் பழனாயி.

"நல்லா ஏமாறு!" பூங்கொடி சிரித்தபடி மார்க் அட்டையையும் மைப் பெட்டியையும் நீட்டினாள். "வழக்கம்போல எல்லாத்துலயும் பாஸ். ரேகை வையி."

பழனாயி மையைத் தொடவில்லை. அட்டையில் டீச்சர் சிவப்பில் எழுதியிருந்ததன் மேல் விரலை ஓட்டினாள்.

"க...ணக்...கில் தே...ற...வில்லை."

பூங்கொடிக்கு முகம் வெளிறியது.

"அக்காதான் மூணு மாசமாச் சொல்லிக் குடுத்தாங்க. உம்பட அட்டையில கையெழுத்துப் போடோணும்னு ஆசை, கண்ணு."

விரல் மேலே நகர்ந்தது. அங்கே அவளுடைய பழைய ரேகைகள் இரண்டு. இரண்டின் பக்கத்திலும் அதே சிவப்பு வரி.

அதையும் எழுத்துக்கூட்ட ஆரம்பித்தாள் பழனாயி.

"படிக்காதேம்மா" என்று முகத்தை மூடிக்கொண்டாள் பூங்கொடி.